ஆடுசதை இழுத்தா அடுத்து ஆக்கிலிஸ்தானா? என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) இஞ்சூரி பத்தி ஒரு டவுட்டு

மூனுபாயின்ட்_முத்து:
2025 ஃபைனல்ஸ் ஏழாவது கேம் திரும்ப ஓட்டிப் பாத்துட்டு இருந்தேன். லைவ்ல நமக்கு திங்கக்கிழமை காலைல 5.30 மணிக்கு வந்துச்சு, அரைத்தூக்கத்துல பாத்தது. இண்டியானா டீம் ஹாலிபர்ட்டன் ஃபர்ஸ்ட் குவார்ட்டர்லயே மூனு த்ரீ (தூரத்துலேந்து போடுற மூனு பாயின்ட் ஷாட்) போட்டு செம ஃபார்ம்ல இருந்தான், கூடைய நோக்கி டிரைவ் போக கால ஊணுனான், யாரும் தட்டிவிடல ஒண்ணும் இல்ல, அப்படியே விழுந்து தரைய கையால அடிச்சிட்டே கெடந்தான். வலது கால் ஆக்கிலிஸ், அதாவது ஆடுசதைய குதிகாலோட சேக்குற தசைநாண், கிழிஞ்சுருச்சு. அஞ்சாவது கேம்லயே அதே வலது கால் ஆடுசதை இழுத்திருந்துச்சுல்ல. அதே பிளேஆஃப்ல மில்வாக்கி லில்லர்டுக்கும் பாஸ்டன் டேட்டமுக்கும் கூட ஆக்கிலிஸ்தான், மூனு பேருக்கும் ஜெர்சி நம்பர் வேற 0 😅
ப்ரோ பிளேயர்ஸுக்கு அதிகமா வர்ற அடி இதுதானா? முன்கூட்டியே தடுக்க வழி இருக்கா, இல்ல விதியா? நானும் வீக்கெண்ட்ல ஆடுறவன், அதான் கேக்குறேன்.

பிசியோ_செல்வி:
தம்பி, அதிகமா வர்றது கணுக்கால் சுளுக்கு. ரீபவுண்டுக்கு குதிச்சு இறங்குறப்ப அடுத்தவன் ஷூ மேல கால் விழும், பாதம் உள்பக்கமா மடங்கும், வெளிப்பக்க ஜவ்வு அடிவாங்கும். ஒருதடவ மடங்குன கால் திரும்ப மடங்க சான்ஸ் ஜாஸ்தி, ஏன்னா வலி போன உடனே கோர்ட்டுக்கு வந்துருவாங்க, பேலன்ஸ் அதுக்குள்ள திரும்பியிருக்காது. அதுக்கப்புறம் முட்டி. குதிச்சே முட்டிச்சில்லுக்கு கீழ டெண்டன் (தசைநாண்) வலி எடுக்கும், பெருசா போனா ஏசிஎல் (முட்டிக்குள்ள இருக்குற ஜவ்வு) கிழியும், 2012ல சிகாகோ பிளேயர் டெரிக் ரோஸுக்கு ஆன மாதிரி.
ஆக்கிலிஸ் அபூர்வம்தான், ஆனா வந்தா சீசன் க்ளோஸ். ஹாலிபர்ட்டன் விழுற வீடியோவ ஸ்லோமோஷன்ல பாருங்க. பின்னாடி ஊணுன காலோட குதிகால் கீழ இறங்குது, அதே நேரத்துல முட்டி நிமிருது. ஆடுசதை நீண்டுகிட்டே முழு பலத்தோட சுருங்கவும் பாக்குது, அந்த இழுப்பு மொத்தமும் டெண்டன் மேலதான்.

பழைய_லேக்கர்ஸ்_வெறியன்:
இதெல்லாம் கோல்டன் ஸ்டேட் டீம்ல டுரான்ட் ஆடுன காலத்துலயே பாத்தாச்சு. 2019 மே மாசம் ஆடுசதை, ஒரு மாசம் வெளிய உக்காந்தான், ஜூன் 10 டொரான்டோல இறக்கிவிட்டாங்க, 12 நிமிஷத்துல 11 பாயின்ட், அப்புறம் ஆக்கிலிஸ் கிழிஞ்சு அடுத்த சீசன் முழுக்க போச்சு. நம்ம லேக்கர்ஸ் டீம் கோபி பிரையன்ட் 2013ல கிழிஞ்ச காலோட நடந்து போய் ரெண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டுட்டுதான் உள்ள போனாரு, எல்லாரும் அதத்தான் பேசுவாங்க, ஆனா அதுக்கு முந்தின மேட்ச் போர்ட்லேண்ட் கூட 48 நிமிஷமும் ஒரு செகண்ட் உக்காராம ஆடுனத யாரும் பேசுறதில்ல. வயசு 34. சீசனுக்கு 82 மேட்ச் வச்சா உடம்பு என்ன இரும்பா?

ஸ்டாட்ஸ்_பைத்தியம்:
கொஞ்சம் பொறுங்க சாமி. எல்லாருக்கும் ஆடுசதைலேந்தே ஆக்கிலிஸுக்குப் போயிடல. லில்லர்டுக்கு மார்ச்ல ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சது வலது ஆடுசதைல, கிழிஞ்சது இடது ஆக்கிலிஸ். டேட்டமுக்கு அந்த பிளேஆஃப்ல மணிக்கட்டுலதான் அடி. ஆடுசதை இழுத்து ரெண்டு மூனு வாரத்துல நல்லபடியா திரும்பி வந்தவங்க எத்தன பேரு, அவங்கள எவன் ஞாபகம் வச்சிருக்கான்? கிழிஞ்சவங்க மட்டும்தான் மனசுல நிக்குறாங்க.
அப்புறம் தடுக்குறதுன்னா ஜிம் மட்டும் கிடையாது, ரூலும்தான். 2017ல கவாய் லெனர்ட் ஷாட் போட்டு இறங்குற எடத்துல எதிர் டீம் பச்சூலியா கால நீட்டுனான், லெனர்டுக்கு கணுக்கால் போச்சு, அவன் டீம் சான் அன்டோனியோவுக்கு சீரிஸும் போச்சு. அடுத்த சீசன்லேந்து இறங்குற எடத்த அடைச்சா ரெஃப்ரீ ரீப்ளே பாத்து ஃப்ளேக்ரன்ட் (கடுமையான ஃபவுல்) குடுக்கலாம்னு மாத்துனாங்க. என்னைக் கேட்டா ஷூ கம்பெனிக்காரன் விக்கிற எதையும் விட இது உருப்படியான வேலை.

மூனுபாயின்ட்_முத்து:
அக்கா, அப்ப கணுக்கால மூடுற ஹைடாப் ஷூ வாங்குறது வேஸ்ட்டா? எனக்கு போன மாசம் கால் மடங்குச்சு, இன்னும் படி எறங்குனா லேசா வலி இருக்கு, ஆடிட்டுதான் இருக்கேன்.

பிசியோ_செல்வி:
வலியோட ஆடாதீங்க, மொதல்ல ஒரு பிசியோகிட்ட காட்டுங்க. ஹைடாப்ப மட்டும் நம்பிட்டு இருக்காதீங்க, கணுக்கால இறுக்கிப் பிடிக்கிற, லேஸ் கட்டுற பிரேஸ் உதவும், முக்கியமா ஏற்கனவே மடங்குன காலுக்கு. கோல்டன் ஸ்டேட் ஸ்டெஃபன் கர்ரிய பாருங்க, 2011லயும் 2012லயும் வலது கணுக்கால்ல ஆபரேஷன், கேரியரே முடிஞ்சுதுன்னு பேசுனாங்க. பிரேஸ் போட்டுகிட்டாரு, அதோட இடுப்பு தசையயும் பின்தொடையயும் டெட்லிஃப்ட் (தரைலேந்து வெயிட் தூக்குறது) போட்டு ஏத்துனாரு, திரும்புறப்ப வர்ற பாரத்த இடுப்பு வாங்கிக்கிட்டா கணுக்காலுக்கு வேலை கொறையும்ல. 2015, 2016 ரெண்டு வருஷமும் எம்விபி (சீசனோட மதிப்புமிக்க பிளேயர் விருது).
வலி போனதும் ஒத்தக்கால்ல நின்னு பந்து பாஸ் பண்ணிப் பழகுங்க. படிக்கட்டு ஓரத்துல முன்பாதத்த வச்சு குதிகால மெதுவா இறக்கி ஏத்துங்க, முட்டி நேரா வச்சு கொஞ்ச நேரம், மடக்கி வச்சு கொஞ்ச நேரம். மடக்கி செய்றப்பதான் உள்ள இருக்குற சோலியஸ் தசைக்கு வேலை, எல்லாரும் விட்டுடறது அதத்தான். வாரம் பூரா சேர்ல உக்காந்துட்டு ஞாயித்துக்கிழம மூனு மணி நேரம் ஆடுறதயும் நிறுத்துங்க.

பழைய_லேக்கர்ஸ்_வெறியன்:
செல்வி மேடம், ஒருவேள கோர்ட்ல எவனுக்காவது ஆக்கிலிஸ் கிழிஞ்சா எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்க செட்டுல எல்லாம் நாப்பது தாண்டுன கேஸுங்க.

பிசியோ_செல்வி:
பின்னாடி யாரோ உதைச்ச மாதிரி இருக்கும், திரும்பிப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. குப்புற படுக்க வச்சு, பாதம் வெளிய தொங்குற மாதிரி வச்சு, ஆடுசதைய கையால அமுக்குங்க. பாதம் கீழ்ப்பக்கமா அசையணும். அசையலன்னா அன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருங்க, எண்ணெய் போட்டு நீவி விடுறேன்னு எவனாச்சும் வந்தா கிட்டயே விடாதீங்க. அசைஞ்சாலும் வலி இருந்தா காட்டிடறது நல்லது.