ரெண்டு குரூப்பா பாட வச்சா பிள்ளைக ஒண்ணா சேந்துடுறாங்க, உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளில 3, 4, 5ஆம் வகுப்பு பிள்ளைகளுக்கு சாயங்காலம் சேர்ந்திசை சொல்லிக் குடுக்குறேன், மொத்தம் 26 பேரு. எல்லாரும் ஒரே குரலா பாடுனா அருமையா இருக்கு. ஆனா ஒரு குரூப் தொடங்கி ஒரு வரி தள்ளி அடுத்த குரூப் சேர்ற மாதிரி பாட வச்சா, ரெண்டாவது வரிக்குள்ளயே பின்னால வர்றவங்க முன்னால போறவங்களோட ஒட்டிக்கிறாங்க, இல்லன்னா ஒருத்தர மிஞ்சி ஒருத்தர் கத்துறாங்க.

என் ஆம்பளக் குரல்ல பாடிக் காட்டுனா கீழ் ஸ்தாயிய, அதாவது தாழ்வான சுரங்களத் தேடி தொண்டைய அமுக்குறாங்க, அதனால கீபோர்டுல வாசிச்சுக் காட்டுறேன். சுருதி ஒரு கட்டைல (கீபோர்டுல C) ஆரம்பிச்சு ரெண்டுக்கு (D) ஏத்துனேன், மேல் சட்ஜம், அதாவது மேல வர்ற 'ச' வர்றப்ப மூணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு கழுத்து நரம்பு புடைக்குது, திரும்ப ஒண்ணுக்கே வந்துட்டேன். குரூப்ப எதிரெதிரா உக்கார வச்சேன், முதுகு காட்டி நிக்க வச்சேன், தாளம் போட ஆளுக்கொரு லீடர் வச்சேன். தகரக் கூரை வேற, வாடைக்காத்து அடிச்சா போன்ல சுருதி ஆப் சத்தமே கேக்காது. நல்ல காது உள்ள பிள்ளைக, விட மனசில்ல. பொங்கல் முடிஞ்சதும் ஆண்டு விழா.

ரெண்டாவது குரூப் தன் வரிய விடாம பிடிச்சுக்க இந்த வயசுப் பிள்ளைகளுக்கு முதல்ல என்ன பயிற்சி குடுக்கணும்?