புதுப்பிப்பு: தோழியின் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன்

படிவம் 5 (இடைநிலைப் பள்ளி ஐந்தாம் ஆண்டு) படிக்கும் தோழி ஒருத்தி சரியாகச் சாப்பிடுவதில்லை, "நான் இல்லாமல் போனால்தான் நல்லது" என்கிறாள், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள், என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெரியவர்களிடம் சொல்லிவிடு என்று நீங்கள் சொன்னபடியே சொல்லிவிட்டேன், முதலில் பள்ளிக் கவுன்சலிங் டீச்சரிடம், அப்புறம் அவள் அம்மாவிடம்.

அம்மா செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த கையோடு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார். "சோம்பேறின்னு ஏசிட்டேனே மா" என்று அழுதார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்றும் பயந்தார். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இலேயே நீக்கிவிட்டார்கள் என்று டீச்சர்தான் விளக்கினார். இது நிறைய பேருக்குத் தெரியவில்லை, தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்.

மறுநாளே சுங்கை சிப்புட் அரசு கிளினிக்குக்குப் போனார்கள், இப்போது சிகிச்சை நடக்கிறது. அவள் நான்கு நாள் என்னோடு பேசவே இல்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சொன்னது சரிதான்.

நாங்கள் மூன்று பேர் முறை வைத்து மாலையில் போகிறோம். பேசு பேசு என்று கேட்பதில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வோம். யாருக்காவது தேவைப்பட்டால், மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் (HEAL) எண் 15555. நேற்று முழு கிளாஸ் மைலோவையும் குடித்துவிட்டு, "நாளைக்கு யார் முறை?" என்று அவளே கேட்டாள்.