ஹன்னா ரெஸ்வோல்-ஹோல்ம்சென்: சாதனையா, இளவரசரின் தயவா?

பனிக்கரடி: நார்வேயின் தாவரவியலாளர் ஹன்னா ரெஸ்வோல்-ஹோல்ம்செனை (1873–1943) ஆர்க்டிக்கின் முன்னோடி என்று கொண்டாடுவது மிகை. 1907இல் அவர் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் போவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஸ்வீடன்காரர்கள் அங்கே செடிகளைச் சேகரித்தாயிற்று. அவர்களில் ஒருவரான நாத்ஹோர்ஸ்ட் 1883இலேயே அத்தீவுகளின் தாவரங்களைப் பற்றி எழுதிவிட்டார். ஹன்னா போனதோ மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் செலவில், நார்வேயின் துருவப் பயணி இசாக்சென் தலைமையிலான குழுவோடு!

பூவரசு: இளவரசர் பணம் கொடுத்தது குழு முழுவதற்கும்தானே? அதே பணத்தில் போன ஆண்கள் ஆய்வாளர்கள், இவர் மட்டும் தயவில் போனவரா? நல்ல நியாயம் ஐயா. அப்போது அவர் பட்டம்கூட வாங்கியிருக்கவில்லை, அது 1910இல்தான். ஆனாலும் 1908இலேயே மீண்டும் போனார், இந்த முறை இளவரசர் குழு இல்லாமல். நாத்ஹோர்ஸ்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவை பெரும்பாலும் புதைபடிவத் தாவரங்கள். ஹன்னாவின் துறை தாவரப் புவியியல்: உயிருள்ள செடி எங்கே, எதனோடு சேர்ந்து வளர்கிறது என்பதே அவர் கேள்வி. அங்குள்ள துருவ வில்லோ என்ற குறுஞ்செடி சில சென்டிமீட்டர்தான் உயரும், தண்டு பாசிக்குள் மறைந்திருக்கும். மண்டியிடாமல் அதைப் பார்க்கவே முடியாது.

குறிஞ்சி: ஹன்னா எடுத்த வண்ணப் படங்களை விட்டுவிட்டீர்களே! வண்ணப் படம் எடுக்க உதவிய ஆட்டோகுரோம் தகடு 1907இல்தான் விற்பனைக்கு வந்தது. சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைக் கண்ணாடியில் பரப்பிச் செய்வது. ஒளி பதிய நேரம் பிடிக்கும். காற்றில் பூ ஆடினால் படம் போயிற்று. ஸ்வால்பார்டின் மிகப் பழைய வண்ணப் படங்களில் ஹன்னா எடுத்தவையும் உண்டு. அக்கா தெக்லாவும் தாவரவியலாளர், குளிர்ந்த குறுங்கோடையைச் சமாளிக்கும் மலைச்செடிகளை ஆராய்ந்தவர். அவருக்குத் தனி இழையே தொடங்கலாம்.

பனிக்கரடி: படங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய 'ஸ்வால்பார்ட்ஸ் ஃப்ளோரா' வந்தது 1927இல். தீவுக்கூட்டம் நார்வேயின் ஆட்சிக்குள் வந்தது 1925இல். நாட்டுக்கு அப்படியொரு நூல் தேவைப்பட்ட நேரம். அதில்தான் அவர் புகழ் ஏறியது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் 1921 முதல் 1938 வரை விரிவுரையாளராகவே இருந்தார். பெண் என்பதால் உயர்த்தவில்லை என்பீர்கள். அங்கேயே பெண் விலங்கியலாளர் கிறிஸ்டினே போனெவீ 1912இல் பேராசிரியராகிவிட்டாரே?

பூவரசு: ஒருவர் உள்ளே போனதும் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டதாக்கும்! 1925க்குப் பிறகு ஆசைப்பட்டு எழுத உட்கார்ந்தவரா அவர்? 1907லும் 1908லும் ஸ்வால்பார்ட் நார்வேயினுடையதே அல்ல, யாருடையதும் அல்ல. அந்தக் கோடைகளில் அவர் எந்த அரசுத் தேவைக்காகச் செடி பறித்தார்? அதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு பதவியைப் பற்றிப் பேசலாம்.