புதுப்பிப்பு: திம்பம் ஏறும்போது சூடாகும் பழைய கார்

சத்தியமங்கலம் பக்கம் பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சூட்டு முள் எகிறினால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்க என்று முன்பு எழுதியிருந்தேன். அது மட்டும் போதாதுங்க.

குறைந்திருந்தால் போர் தண்ணி ஊத்தவே வேண்டாம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணி ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பாய்ப் படிந்து அடைத்துவிடும். தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட் கூலன்ட் 1 லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் 1 லிட்டர். ஏற்கனவே கலந்து வரும் ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊத்தலாம்.

இன்ஜின் நல்லா ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறங்க. அதன் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். மூடியை மாத்திடுங்க.

ஏசி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்க.

வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்து, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்) போயிருக்கலாம். அந்த வண்டியை மலைக்கு எடுக்காதீங்க.