யூதாஸின் காலை இயேசு கழுவினாரா, இல்லையா?

உப்புக்கல்:
போன வாரம் உபவாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வேதமாணவன் ஐயா போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டுப் போனார். "தாழ்மை விசுவாசிகளுக்குள்ளேதான். துரோகியிடம் தாழ்ந்துபோக வேண்டியதில்லை. இயேசுவே யூதாஸின் காலைக் கழுவவில்லை." மூன்று நாளாக இது எனக்குத் தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி இருக்கிறது. யோவான் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 2-ம் வசனத்திலேயே இயேசுவைக் காட்டிக்கொடுக்கும்படி பிசாசு யூதாஸின் இருதயத்தைத் தூண்டியாயிற்று. 4, 5-ல் இயேசு எழுந்து சீலையைக் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவுகிறார். யூதாஸ் இயேசு கொடுத்த அப்பத் துணிக்கையை வாங்கிக்கொண்டு வெளியே போவது 30-ல். இடையில் அவன் காலை மட்டும் தாண்டிப் போனார் என்று எங்கே எழுதியிருக்கிறது?

வேதமாணவன்:
ஸ்தோத்திரம். என் பெயரை இழுத்ததற்கு நன்றி. 22 வருஷமாக வேதபாட வகுப்பு எடுக்கிறேன், எனக்கு யோவான் 13 தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள் போல. நான் கேட்பது ஒன்றுதான். "யூதாஸின் காலைக் கழுவினார்" என்று ஒரு வசனம் காட்டுங்கள். பேதுருவின் பெயர் அங்கே இருக்கிறது. யூதாஸின் பெயர் இல்லை. 10-ம் வசனத்தில் "நீங்களும் சுத்தமாயிருக்கிறீர்கள், ஆகிலும் எல்லாரும் அல்ல" என்கிறார். சுத்தமாகாதவன் ஒருவன் இருந்தால் கழுவப்படாதவன் ஒருவன் இருந்தான் என்றுதானே அர்த்தம்?

மீன்வலை:
அந்தக் கணக்குப்படி அந்திரேயா பெயரும் இல்லை, தோமா பெயரும் இல்லை. பேதுருவின் இரண்டு காலை மட்டும் கழுவிவிட்டு மிச்சத் தண்ணீரைக் கீழே கொட்டினாராக்கும். நான்காம் நூற்றாண்டு ஆயர் கிறிசோஸ்தோம், துரோகியின் காலையும் கழுவினார் என்றே மறையுரை ஆற்றியிருக்கிறார். அவரைவிட உங்கள் 22 வருஷ வகுப்பு பெரிதா?

வேதமாணவன்:
ஆயர் வேண்டாம், வசனம் வேண்டும். கத்தோலிக்க நண்பர்களிடம் வசனம் கேட்டால் எப்போதும் ஒரு ஆயரைத்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 2 வருஷத்துக்கு முன் செபமாலை விவாதத்தில் இதே மீன்வலை பதில் சொல்லாமல் ஓடியது நினைவிருக்கிறது.

மீன்வலை:
ஓடவில்லை ஐயா, அன்றைக்கு என் தங்கைக்குத் திருமணம். மூன்று முறை சொல்லிவிட்டேன்.

உப்புக்கல்:
12-ம் வசனம்: "அவர்களுடைய கால்களைக் கழுவினபின்பு". அவர்களுடைய! 11-ல் "தம்மைக் காட்டிக்கொடுக்கிறவனை அவர் அறிந்திருந்தபடியினால்" எல்லாரும் சுத்தமல்ல என்றாராம். கால் கழுவியும் மனம் கழுவப்படாதவன் என்றுதான் அதற்குப் பொருள். தெரிந்தே கழுவினார் என்பதுதானே இந்த அதிகாரத்தின் உயிர்? அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, விருந்துக்கு முன் கால் கழுவும் வழக்கம் மட்டும்தான்.

வேதமாணவன்:
"அவர்களுடைய" என்பது பெயர் அல்ல. பெயர் எங்கே?

தெற்குத்தெரு:
யூதாஸ் காலை விடுங்கள் அண்ணாச்சி. எனக்கு அந்தத் துண்டுதான் கண்ணில் படுகிறது. கத்தோலிக்கர் வாசிக்கிற எங்கள் திருவிவிலியத்தில் "ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்" என்று இருக்கும். பண்ணையார் எதிரே வந்தால் என் தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாவிட்டால் அடி. பெரிய வியாழன் வாசகத்தில் அந்த வரி வரும்போதெல்லாம் எங்கள் தெருக்காரர்களுக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகும். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அது வெறும் துண்டு. அன்றைக்குக் கோயிலில் சாமியார் பாதம் கழுவ உட்கார வைக்கும் பன்னிரண்டு பேரில் எங்கள் தெருவிலிருந்து ஒருவரைக் கூப்பிட எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? ஊர்ப்பெயர் வேண்டாம். கூப்பிட்ட வருஷம் மற்ற பதினொரு பேரில் நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது.

வேதமாணவன்:
துண்டு அல்ல, சீலை. மூலத்துக்கு நெருக்கமான பழைய மொழிபெயர்ப்பில் "ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு" என்று இருக்கிறது. வேதவார்த்தையை மாற்றிவிட்டு அதன்மேல் தாத்தா கதை கட்டக்கூடாது.

மீன்வலை:
இன்றைக்குச் சீலை என்றால் புடவை. இயேசு புடவையால் கால் துடைத்தார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளட்டும், நல்லது. தெற்குத்தெரு சொன்னதற்கு நீங்கள் கொடுத்த பதில் "துண்டு அல்ல" என்பது மட்டும்தானா?

வேதமாணவன்:
சாதி உங்கள் கோயில் பிரச்சினை. வடக்கன்குளத்தில் சாதிக்காகக் கோயிலுக்குள்ளேயே சுவர் வைத்து, 1910-ல்தான் இடித்தீர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர். முதலில் அதைக் கழுவுங்கள்.

தெற்குத்தெரு:
உங்கள் பக்கம் சுவர் இல்லை, உண்மைதான். கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் தானாக முளைக்கும். உங்கள் சபைப் பத்திரிகையின் மணமகள் தேவைப் பக்கத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள் ஐயா.

வேதமாணவன்:
பேச்சை மாற்றுகிறீர்கள். யூதாஸ்.

கனகாம்பரம்:
எல்லா அண்ணன்மாருக்கும் வணக்கம். 2013-ல் போப் பிரான்சிஸ் ரோமில் காசல் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவினார். அதில் இரண்டு பெண் பிள்ளைகள், ஒருத்தி இஸ்லாமியப் பெண். தாழ்மை விசுவாசிகளுக்குள்ளே மட்டும் என்றால் அது என்ன கணக்கில் வரும்?

பழைய பலிபீடம்:
அது விதிமீறல் கணக்கில் வரும். அன்றைக்கு இருந்த வழிபாட்டு விதியில் "தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்கள்" என்றுதான் இருந்தது. 2016 ஜனவரியில்தான் ஆணை போட்டு மாற்றினார்கள். திருத்தந்தையே ஆனாலும் முதலில் விதி, அப்புறம்தான் செயல். தாழ்மை என்பது விதிக்குக் கீழ்ப்படிவதும்தான்.

கனகாம்பரம்:
சரி அண்ணா. படுக்கையில் விழுந்த என் மாமியாருக்கு நான் ஐந்து வருஷம் கால் கழுவினேன், பீயும் கழுவினேன். கல்யாணமாகி வந்த புதிதில் என்னை வாசலில் நிறுத்திப் பேசியவர். அதற்கு விதியும் இல்லை, ஆணையும் இல்லை. சாமியார் கழுவ வருகிற காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டுக் கொண்டுபோகிறவர்களையும் பார்க்கிறேன். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர்.

பழைய பலிபீடம்:
சுத்தமாகப் போவது மரியாதை. அதையும் கிண்டல் செய்கிற காலம் வந்துவிட்டது.

வேதமாணவன்:
சகோதரியின் சாட்சி நல்லது. ஆனால் உணர்ச்சி வேறு, வேதம் வேறு. பிலிப்பியர் 2:3 "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்கிறது. ஒருவரையொருவர் என்றால் சபைக்குள். 1 பேதுரு 5:5-லும் ஒருவருக்கொருவர்தான். யோவான் 13:14-லும் "ஒருவருடைய கால்களை ஒருவர்". மூன்று சாட்சி கொடுத்துவிட்டேன். நீங்கள் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. இங்கே பலருக்கு வேத அறிவு குறைவு என்பதைத் தாழ்மையோடு சொல்லிக்கொள்கிறேன். இது என் கடைசிப் பதிவு.

மீன்வலை:
"தாழ்மையோடு" என்ற சொல்லை இவ்வளவு உயரத்திலிருந்து யாரும் கீழே போட்டு நான் பார்த்ததில்லை.

உப்புக்கல்:
பேதுருவும் யோவானும் இருக்கட்டும். அதே பிலிப்பியர் 2-ல் நான்கு வசனம் தள்ளி "அடிமையின் ரூபமெடுத்து" என்று வருகிறது. அடிமை, எசமான் விருந்தாளியின் காலைக் கழுவும்போது இவன் விசுவாசியா என்று கேட்டுவிட்டா கழுவுவான்?

வேதமாணவன்:
கடைசிப் பதிவு என்றேன், ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் போனால் தோற்றதாக எழுதுவீர்கள். அடிமை கேட்க மாட்டான். இயேசு அடிமையின் ரூபமெடுத்தார், அடிமை அல்ல. ரூபம் என்ற சொல்லைக் கவனியுங்கள். யூதாஸ் பெயர் இன்னும் வரவில்லை.

தெற்குத்தெரு:
ரூபம்தானே, நிஜம் இல்லையே என்று நீங்கள் சொன்னதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். உங்கள் பாஸ்டருக்கு அனுப்பட்டுமா?

வேதமாணவன்:
தாராளமாக. அவரே என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்.

உப்புக்கல்:
மேடையில் சிம்மாசனம் மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிறந்தநாளுக்கு ஊர் முழுக்க பிளெக்ஸ் வைக்கிற ஊழியக்காரர்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். அதற்கும் ஒரு வசனம் கொடுங்கள் ஐயா.

வேதமாணவன்:
தேவனுடைய ஊழியனைக் கனம்பண்ணச் சொல்லியிருக்கிறது. அதைத் தனியாகப் பேசலாம், 14 வசனம் வைத்திருக்கிறேன்.

பழைய பலிபீடம்:
பவுடர் போடுவதைப் பற்றி எழுதிய சகோதரி இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

கனகாம்பரம்:
என் வீட்டுக்காரரைத்தானே சொன்னேன், உங்களுக்கு ஏன் சுடுகிறது? நீங்களும் போடுவீர்களா?

மீன்வலை:
வேதமாணவன் ஐயா, கடைசியாக ஒன்று. யூதாஸின் காலைக் கழுவவில்லை என்று ஒரு வசனம் காட்டுங்கள். பெயரோடு.

வேதமாணவன்:
இல்லாததை எப்படிக் காட்ட முடியும்? கழுவினார் என்பவர்தான் காட்ட வேண்டும். இது என் கடைசிப் பதிவு.

வேதமாணவன்:
இன்னொன்று சேர்க்க மறந்துவிட்டேன். 18-ம் வசனம், "உங்களெல்லாரையுங்குறித்து நான் பேசவில்லை". எல்லாரையும் அல்ல! இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். காலையில் வந்து பார்ப்பேன்.