பழைய கேரவனின் புதிய மின் இணைப்பு நிற்கவில்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். செங்கோட்டையை அடுத்த புளியரையில், எங்கள் தென்னந்தோப்பில் நிற்கும் இழுவைக் கேரவன் 1972-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது, அலுமினிய உடல். கருகிப்போன அதன் பழைய இணைப்பை அகற்றி, 16 ஆம்பியர் நீல நிற மூன்று முள் இணைப்பையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியையும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) சென்ற மாதம் பொருத்தினோம். அன்றுமுதல், வீட்டிலிருந்து 230 வோல்ட் மின்சாரம் கொடுத்ததும் ஆர்சிசிபி டிரிப் ஆகிவிடுகிறது. தோட்டத்து மோட்டார் ஓடும்போது ஒரு நொடிகூட நிற்பதில்லை.

விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி அனைத்தையும் கழற்றிப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன், எர்த் குழியையும் புதுப்பித்தேன். மெகர் (மின்கம்பிகளின் காப்புத் தடையை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்ததில் பேஸ் கம்பியில் குறையில்லை, ஆனால் நியூட்ரலுக்கும் கேரவனின் இரும்புச் சட்டத்துக்கும் இடையே தடை ஏறத்தாழ பூஜ்யம். எர்த்தைத் துண்டித்துவிடலாம் என்றார் ஓர் எலக்ட்ரீசியன். குழந்தைகள் கைவைக்கும் உலோக உடல் என்பதால் அதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன்.

உட்புறப் பலகைகள் முழுவதையும் பெயர்க்காமல், நியூட்ரல் சட்டத்தைத் தொடும் இடத்தை எவ்வாறு கண்டறிவது?