அம்மாவுக்கு எந்த மெத்தை?

(குடும்பக் குழு, சனிக்கிழமை இரவு)

நான்: அம்மாவின் முதுகுவலிக்காக இன்று மெத்தை பார்த்துவிட்டு வந்தேன். பெரிய பிராண்ட். 78-க்கு 60 அங்குலம், உயரம் பத்து அங்குலம், மெமரி ஃபோம் (அழுத்தினால் குழிந்து மெதுவாக மேலே வருமே, அது). 58,000 ரூபாய், தவணையிலும் தருகிறார்கள். வாங்கிவிடட்டுமா?

சித்தி: அக்காவுக்குத்தானே, வாங்கு கண்ணு. பன்னிரண்டு வருடமாக அந்தப் பள்ளம் விழுந்த மெத்தையில் கிடக்கிறாள். ஆனால் வாரன்டி அட்டையை முழுதாகப் படித்துவிட்டு வாங்கு.

அண்ணன்: இப்போதே பணம் கட்டாதே. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்?

நான்: மேலே 2 அங்குலம் மெமரி ஃபோம், கீழே 8 அங்குலம் சாதா ஃபோம். மெமரி ஃபோம் நாசா கண்டுபிடித்ததாம்.

அண்ணன்: அது உண்மைதான். 1966-ல் விமான இருக்கைகளுக்காக நாசாவின் ஆய்வகத்தில் உருவானது. இன்றைக்கு எத்தனையோ ஆலைகளில் தயாராகிறது, அதற்காக இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை. கீழே இருக்கும் 8 அங்குலம்தான் உடம்பைத் தாங்கப்போகிறது. அதன் டென்சிட்டி எவ்வளவு?

நான்: கேட்டேன் அண்ணா. அதெல்லாம் வெளியில் சொல்வதில்லை என்றார் கடைக்காரர்.

போடி மாமா: சொல்லாவிட்டால் என்ன, தூக்கிப் பார் பாப்பா. இங்கே இலவம்பஞ்சு மெத்தை தைக்கக் கொடுத்தால் முதல் பேச்சே எத்தனை கிலோ பஞ்சு என்பதுதான். உறைத்துணி அப்புறம்.

அண்ணன்: மாமா சொல்வது ஃபோமுக்கும் சரியாக வரும். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ. உதாரணத்துக்கு, 78-க்கு 60, உயரம் 6 அங்குலம் உள்ள ஃபோம் மெத்தை என்றால் 0.46 கன மீட்டர். 40 டென்சிட்டி போட்டிருந்தால் உறை இல்லாமலே 18 கிலோ இருக்கும். 28 போட்டிருந்தால் 13 கூட வராது. எடையைக் கேள், சொல்லாவிட்டால் வெளியே வந்துவிடு.

நான்: சித்தி, வாரன்டி என்றீர்களே, என்ன ஆயிற்று?

சித்தி: நான்கு வருடத்துக்கு முன் நான் 45,000 கொடுத்து வாங்கினேன். பத்து வருட வாரன்டி. மூன்றாம் வருடமே உன் சித்தப்பா படுக்கும் பக்கம் இறங்கிவிட்டது. ஆள் வந்து குறுக்கே நூல் பிடித்து அளந்தார். 18 மில்லிமீட்டர். 25 இறங்கினால்தான் மாற்றித் தருவார்களாம். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கிறது. போதாததற்கு ஓரத்தில் காபிக் கறை, அது இருந்தாலே வாரன்டி கிடையாதாம். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போடி மாமா: ஏன் தங்கச்சி, என்னிடம் சொல்லவே இல்லையே.

அண்ணன்: பெயரை நம்பி வாங்குவதில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்லீப்வெல் வேறு, கர்லான் வேறு என்று நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். 2023-ல் ஸ்லீப்வெல்லின் ஷீலா ஃபோம் நிறுவனமே கர்லானை வாங்கிவிட்டது.

நான்: அப்படியானால் விலை குறைந்ததையே வாங்கிவிடலாமா?

அண்ணன்: அப்படியும் இல்லை. 5,000 ரூபாய் மெத்தையில் அம்மாவைப் படுக்கவைக்க எனக்கு மனம் வராது. நல்ல டென்சிட்டிக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். முழு ரப்பர் லேடெக்ஸ் என்றால் இன்னும் கூடும், அது பொருளின் விலை. 20,000 வரை கொடுப்பது உடம்புக்குப் போகிறது. அதற்கு மேல் இந்த மாதிரி ஃபோம் மெத்தையில் நீ விளம்பரத்துக்கும் ஷோரூம் வாடகைக்கும்தான் கொடுக்கிறாய் என்பது என் எண்ணம்.

நான்: "ஆர்த்தோ" என்று போட்டிருப்பது நல்லதுதானே? கல் மாதிரி இருந்தது.

அண்ணன்: அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். முதுகுவலிக்குக் கட்டாந்தரை மாதிரி இருக்க வேண்டும் என்பதும் சரியில்லை. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் 90 நாள் சோதித்து 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ரொம்பக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினம் உள்ளதில்தான் வலி அதிகம் குறைந்தது.

அம்மா: எல்லாவற்றையும் படித்தேன். பத்து அங்குலம் வேண்டாம். என் கட்டில் ஏற்கெனவே உயரம், இறங்கும்போது கால் தரையில் பட வேண்டும், முட்டி தாங்காது. மெமரி ஃபோமும் வேண்டாம். உன் வீட்டில் அதில் இரண்டு நாள் படுத்தேன், முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

அண்ணன்: ஆமாம் அம்மா, அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத அறைக்கு ஒத்துவராது.

போடி மாமா: அக்காவுக்கு இதுதான் சரி. கீழே ரப்பர் போட்ட தென்னை நார் 4 அங்குலம், மேலே லேடெக்ஸ் 2 அங்குலம். நாரில் காற்று போகும், மேலே இருப்பது தோளுக்கு இதமாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தலைமாட்டையும் கால்மாட்டையும் திருப்பிப் போடுங்கள்.

நான்: சரி மாமா. நாளைக்கே தேடிப் பார்க்கிறேன்.

அம்மா: நீ மட்டும் போகாதே. படுக்கப்போவது நான், நானும் வருகிறேன்.

போடி மாமா: அக்கா, கடையில் சும்மா உட்கார்ந்து அழுத்திப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுப்பது மாதிரி ஒருக்களித்துக் கால்மணி நேரம் படு. யார் பார்த்தாலும் பரவாயில்லை.

அம்மா: படுக்கிறேன் தம்பி.

நான்: காலை பதினொரு மணிக்கு வருகிறேன் அம்மா. கட்டிலின் உயரத்தை அளந்து வையுங்கள்.